ஆளில்லாத வீட்டின் இருமல்

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. மீதிப் பேர் கேட்காத மாதிரி இருப்பீர்கள். நான் இரண்டாவது வகை. மருமகள் ஏதாவது செய்யச் சொன்னால் எனக்குக் காது மந்தம். ஆனால் பின்னேரத்தில் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். இருமியவர் உயிரோடு இருப்பவர்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம் வெள்ளவத்தையில் இருந்தவர்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குண்டு விழுந்தது உயிர்த்த ஞாயிறு காலையில். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், நின்று பார்த்தபோது இரத்மலானைப் பக்கம் வானத்தில் கரும்புகை தெரிந்தது. வந்தவன் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைத் தேடித்தான் வந்தான், அடுத்த முறை குறி தப்பாது என்று ஒழுங்கைப் பெரியவர்கள் பேசினார்கள். ஜப்பான்காரன் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது பேச்சு. ஒரு கிழமைக்குள் ஒழுங்கை காலியாகிவிட்டது. கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயிலுக்குள் ஆட்களை யன்னல் வழியாக ஏற்றினார்களாம். அப்பாவுக்குத் தந்திக் கந்தோரில் வேலை, அசைய அனுமதியில்லை. அவரை விட்டுப் போகமாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டார். செத்தால் எல்லோரும் ஒன்றாகச் சாவோம் என்று அவர் சொன்ன தொனியில், எங்களை எங்கோ படம் பார்க்கக் கூட்டிப் போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

ஆட்கள் போனபின் ஒரு ஒழுங்கை எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். முதலில் கடல் கிட்ட வந்தது. அது இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதுவரை வண்டிச் சத்தத்திலும் பிள்ளைகளின் கூச்சலிலும் அமுங்கிக் கிடந்த அலைச் சத்தம் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யன்னல்களில் எல்லாம் கறுப்புக் கடதாசி. பூட்டிய முற்றங்களில் பலாப்பழம் விழுந்து வெடித்து, அந்தப் புளித்த வாசனை மதியத்தில் தலையைச் சுற்றவைக்கும். கைவிடப்பட்ட பூனைகள் எங்கள் குசினி வாசலில் வரிசையாக இருந்து, சத்தமே போடாமல் அம்மாவைப் பார்க்கும். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று அம்மா சொல்வார்.

எங்களோடு வேலி பகிர்ந்த வீட்டில் ஒரு மாமாவும் மாமியும் அவர்களுடைய மகளும் இருந்தார்கள். உறவு ஒன்றுமில்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். மகள் என் வகுப்புத் தோழி. மாமா வெள்ளைக்காரக் கொம்பனி ஒன்றில் கணக்காளர். கொம்பனி தன் கணக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஓடியபோது அவருக்கு லீவு கொடுத்தது, அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். தோழி போகும்போது தீப்பெட்டிப் படங்கள் ஒட்டிய பிஸ்கட் டின் ஒன்றை என்னிடம் பாதுகாக்கத் தந்தாள். அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மாமாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுப்பு, இருந்தது. வேலையால் வந்ததும் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் கால் கழுவுவார். கப்பி கிறீச்சிடும், வாளி தண்ணீரில் விழும், கால் கழுவும் கல்லில் தண்ணீர் சளசளக்கும். பிறகு இருமல். இரண்டு குட்டை இருமல், அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு நீட்டு இருமல், கடைசியில் யாரோ சொன்னதை ஏற்காதவர்போல ஒரு செருமல். அதைக் கேட்டவுடன் மாமி குசினிக்குள் இருந்து "இந்தா வாறன்" என்று சொல்லித் தேநீருக்குக் கேத்தலை வைப்பார். எங்கள் வீட்டில் மணிக்கூடு நின்றுபோனால் அம்மா அந்த இருமலை வைத்துத்தான் முள்ளைத் திருப்புவார்.

அவர்கள் போய்க் கொஞ்ச நாளைக்குப் பின், ஒரு பின்னேரம் நான் வேலிக்குப் பக்கத்தில் செம்பரத்தம்பூப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். பூட்டிய வீட்டின் பின்பக்கம் கப்பி கிறீச்சிட்டது. வாளி விழுந்தது. கல்லில் தண்ணீர் சளசளத்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு, ஒரு செருமல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோழி எனக்குச் சொல்லாமல் வந்துவிட்டாளே என்ற கோபமும் வந்தது. வேலியில் வாயை வைத்து, வந்திட்டியா என்று கூப்பிட்டேன். அந்தக் கணமே எல்லாச் சத்தமும் நின்றது. தண்ணீர்கூடச் சொட்டவில்லை. நான் நின்ற இடத்தில் நின்றேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலும் ஏதோ ஒன்று என்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். பசியில் காது இரைகிறது என்று சோறு போட்டார். மறுநாளும் கேட்டது. பிறகு பார்த்தால் அது மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தால் வரும்போது, ஆள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றுக்குள்ளே முற்றம் கூட்டும் சத்தம். இன்னொன்றில் உலக்கை இடிபடும். மற்றொன்றில் தேங்காய் துருவும். முன்கதவில் பூட்டு, படியில் காய்ந்த இலை, பின்னால் மட்டும் குடும்பம் நடக்கிறது. நான் ஒழுங்கையின் நடுவால், எந்த வேலிக்கும் கிட்டப் போகாமல், வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

மூடி மறைத்து உங்களைப் பயமுறுத்தும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. பின்னால் தெரியவந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தங்களைப் போட்டவர்கள் கொட்டாஞ்சேனைப் பெடியன்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு இளைஞர் இருந்தார். புதுக்கடை நீதிமன்றத்தடியில் பிரக்கிராசியார், அதாவது வக்கீல், ஒருவருடைய கந்தோரில் கிளாக்கர். தலைமயிர் நிறைய எண்ணெய், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். நீதிமன்றத்தில் சின்னக் களவுகளுக்காக நிறுத்தப்படும் பெடியன்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. யாரும் பிணை நிற்காதவனுக்குத் தானே பிணை நின்று கூட்டிவருவார். கார் இல்லாத வீடு ஒன்றின் கராஜை எடுத்து, அதற்கு வாலிபர் சங்கம் என்று பெயரும் வைத்திருந்தார். பெடியன்கள் அங்கேயே படுப்பார்கள், கடற்கரையில் பந்து அடிப்பார்கள், கூப்பன் அரிசியில் கஞ்சி காய்ச்சுவார்கள். கள்ளருக்குப் பந்து விளையாட்டு ஒரு கேடா என்று மூலை வீட்டுப் பென்சன்காரர் கேட்பார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர் அவர். ஒழுங்கையில் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் அவரோடு சேர்ந்து தலையாட்டினார். அந்தப் பெடியன்களுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இந்தக் கதை. பதினேழு வயது இருக்கும். தகப்பன் இந்தியாவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்து இங்கேயே செத்துப்போனவர், தாய் கொட்டாஞ்சேனையில் கூலிவேலை. ஓட்டுக் கூரையில் பூனையைவிட மெதுவாக நடப்பான் என்று பொலிஸ்காரர்களே மெச்சுவார்களாம். நீதிவான் அவனை நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தார். வருடம் முடியுமுன் இன்னொரு முறைப்பாடு வந்தால் நேரே மறியலுக்கு, சிறைக்கு. இது கிளாக்கருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், எங்கள் ஒழுங்கைக்கும் நன்றாகத் தெரியும். முறைப்பாடு எப்போது வரும் என்றுதான் ஒழுங்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து ஒழுங்கைகளில் காலி வீடுகளைக் கள்ளர் துடைத்துக்கொண்டு போனபோது கிளாக்கர் பெடியன்களைக் கூட்டி வைத்து, ஒரு வீட்டில் ஆளில்லை என்பது கள்ளனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். பூட்டைப் பார்த்தா என்று கேட்டாராம். இவன் சிரித்தானாம். பூட்டைப் பார்ப்பவன் புதுக் கள்ளன், பழையவன் பின்வேலியில் இருந்து காது கொடுப்பான், கப்பி கத்தவில்லை, தேங்காய் துருவவில்லை என்றால் அந்த வீடு செத்த வீடு என்று சொன்னானாம். அந்த இடத்திலேயே கிளாக்கருக்கு யோசனை வந்தது. பிற்காலத்தில் அப்பாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். "களவைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது அண்ணை எண்டாங்கள். சரி, கள்ளன் எதைக் கேட்டால் திரும்பிப் போவானோ அதைச் செய்யுங்கோடா எண்டனான்."

ஊருக்குப் போகிற வீட்டு ஆண்களிடம் மட்டும் கிளாக்கர் ரகசியமாகக் கேட்டுச் சம்மதம் வாங்கினார். வீட்டுக்குள் போவதில்லை, திறப்புச் சாவியும் வேண்டாம், பின்வளவும் கிணறும் போதும். பின்வேலியால் வந்து பின்வேலியால் போவார்கள். வெளியே தெரிந்தால் கள்ளருக்கும் தெரிந்துவிடும், இருக்கிறவர்களும் சண்டைக்கு வருவார்கள் என்று எவரிடமும் மூச்சுவிடவில்லை. பெண்களிடம் சொல்வதைப் பற்றி அவர்கள் யோசித்தே இருக்கமாட்டார்கள். அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு கரண்டிகூடக் களவு போகவில்லை. அது இரவில் ஒழுங்கையைச் சுற்றிவந்த தன் ரோந்தினால்தான் என்று பென்சன்காரர் நம்பினார்.

வைகாசியில் கிளாக்கருக்கு நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு, வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிழைப்பாரோ என்று இருந்தது. ஏவுவதற்கு ஆளில்லை, பார்ப்பதற்கும் ஆளில்லை. பெடியன்கள் ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. பின்னேரம் தவறாமல் ஒழுங்கை முழுக்க முற்றம் கூட்டியது, உலக்கை இடித்தது, பக்கத்து வளவில் மாமா கால் கழுவி இருமினார்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். அன்று கப்பிச் சத்தம் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வெறும் இருமல் மட்டும். வழக்கமான கணக்கில் நிற்காமல் நீண்டு நீண்டு, மூச்சு எடுக்க முடியாமல் இழுத்து, பிறகு நின்றது. செருமல் வரவில்லை. நான் செருமலுக்காகக் காத்திருந்தேன். அம்மா சுளகைப் பிடித்தபடி வேலிப் பக்கம் திரும்பி நின்றார். அன்று அவர் எனக்குக் காது இரைகிறது என்று சொல்லவில்லை. உள்ளே வா என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தந்தி கந்தோரில் அப்பாவின் கையால்தான் எழுதி எடுக்கப்பட்டது. மாமா இறந்துவிட்டார். அப்பா கந்தோரால் வந்து, உடுப்பு மாற்றாமல், ஒழுங்கையில் மிஞ்சியிருந்த வீடு வீடாக நடந்து போய்ச் சாவு சொன்னார். எங்கள் ஆட்களுக்குச் சாவை நேரில் போய்ச் சொல்லவேண்டும், அது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகும். அப்பா பேசாமல் இருந்த வீட்டுக்குக்கூடப் போனார். கராஜுக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் கப்பி கிறீச்சிட்டது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு, ஒரு செருமல்.

அதுவரை என்னைத் தவிர மற்றவர்கள் அதைக் காதில் வாங்கியதில்லை, அல்லது வாங்கியதாகக் காட்டிக்கொண்டதில்லை. அன்று எல்லோரும் கேட்டார்கள். அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். ஊரில் செத்த மனுசன் தன் வீட்டைத் தேடிவந்துவிட்டார் என்று பென்சன்காரர் தீர்ப்புச் சொன்னார். அது நாள் தவறாமல் கேட்கவே, நாலாம் கிழமை அவர் தலைமையில் ஒரு பூசாரியைக் கூட்டிவந்து கழிப்புக் கழித்தார்கள். நீத்துப்பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வீட்டின் பின்வாசலில் உடைத்தார்கள், தேசிக்காயும் வைத்தார்கள். காலையில் பார்த்தால் ஒன்றுமில்லை. பூசணிக்காயும் இல்லை, தேசிக்காயும் இல்லை, வாசல் சுத்தமாகக் கூட்டிக் கிடந்தது. பென்சன்காரருக்கு அன்று காய்ச்சல் வந்தது. கூட்டுவது அந்தப் பெடியனின் வேலைகளில் ஒன்று என்பது யாருக்குத் தெரியும்?

இப்போது சிரிக்கிறேன். அப்போது நான் சாப்பாட்டை மறந்தேன். ஏனென்றால் எனக்கு அந்த மாமாவைப் பிடிக்கும், செத்த பிறகும் மனுசனுக்கு அந்த முட்டு வருத்தம் மாறவில்லையே என்று நினைத்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மாமி வந்தார். கண்டியிலிருந்து திரும்பிவிட்ட கொம்பனியில் சில அலுவல்கள் முடிக்கவேண்டும், துணைக்கு அவருடைய தம்பியார் வந்தார். தோழி ஊரிலேயே நின்றுவிட்டாள். ரயில் சுணங்கி, அவர்கள் ஒழுங்கைக்குள் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா மாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு எங்கள் வீட்டிலேயே தங்கும்படி கெஞ்சினார், காரணம் மட்டும் சொல்லவில்லை. மாமி தன் கிணற்றில் முழுகவேண்டும் என்று திறப்பை எடுத்தார். தம்பியார் பெட்டியோடு படலைக் கதவடியில் நின்று அப்பாவோடு கதைத்தார். நான் மாமியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வெள்ளைச் சேலையில் அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்ததும் கற்பூர உருண்டை வாசமும் வௌவால் எச்ச நாற்றமும் முகத்தில் அடித்தது. மாமி விறாந்தையைத் தாண்டி உள்ளே போய், மாமாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அதன் துணியில் அவருடைய தலை பட்ட இடம் இன்னும் எண்ணெயாக இருந்தது. அப்போது பின்னால் கப்பி கிறீச்சிட்டது. வாளி விழுந்தது. கல்லில் தண்ணீர் சளசளத்தது. நான் மாமியின் சேலையைப் பிடித்தேன். இருமல் வந்தது. செருமலும் வந்தது.

மாமி முந்தானையைச் சரிசெய்தார். "இந்தா வாறன்" என்றார்.

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். மாடத்தில் தடவித் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தார். மற்றக் கையால் கேத்தலைத் தூக்கித் தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டினார். அது வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவர் நின்றார். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது, அவர் அதைக் கீழே போடவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ சாவைப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் தன் புருஷன் செத்ததை இரண்டாம் முறை அறிந்துகொள்வதை அன்று மட்டும்தான் பார்த்தேன்.

மாமி பின்கதவைத் திறந்தார். கிணற்றடியில் அவன் ஒரு காலைக் கல்லில் வைத்தபடி வாளியோடு நின்றான். வெள்ளைச் சேலையையும் வெறும் நெற்றியையும் பார்த்தான். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். ஓடியிருக்கலாம், அவனுக்கு ஏறமுடியாத மதில் வெள்ளவத்தையில் இல்லை. அவன் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு, "வீட்டுல ஒரு சாமானும் போகல்லீங்க அம்மா. பாத்துக்குங்க" என்றான்.

நான் கத்தினேன். தம்பியார் ஓடிவந்தார், அப்பா வந்தார், பென்சன்காரர் காய்ச்சலோடு வந்தார். தம்பியார் அவன் கன்னத்தில் அறைந்தார். பென்சன்காரர் கிணற்றுக் கயிற்றாலேயே அவனை மாமரத்தில் கட்டினார், முடிச்சுகளை மட்டும் வலு நிதானமாகப் போட்டார். செத்த மனுசனைப் பகிடி பண்ணிய நாய் என்று ஏசினார். தான் பயந்ததற்கும் சேர்த்துத்தான் ஏசினார் என்று இப்போது விளங்குகிறது. காலி வீதியில் நின்ற பொலிஸ்காரரை யாரோ கூட்டிவந்தார்கள். அவர் சிங்களவர், பெடியனை முன்பே தெரிந்தவர். பிணை முறிந்தது, இனி மறியல்தான், வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். கிளாக்கர் ஆஸ்பத்திரியில், மாமா சாம்பலாகிவிட்டார், அவனுக்காகப் பேச அந்த வளவில் ஒருவரும் இல்லை.

மாமி அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆர் உனக்கு இந்த இருமலைச் சொல்லித் தந்தது?"

"ஐயாதாங்க. மொதல்ல நான் சும்மா தொண்டையில இருமுனேன். அப்படி இல்லடா, அடிவயித்துல இருந்து வரணும்னு இருமிக் காட்டுனாரு. அதே மாதிரி நான் செஞ்சதும் சிரிச்சிட்டாரு. கிணத்துக் கட்டப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. அம்மாவுக்குச் சொல்லாத, பயந்துருவாங்கன்னாரு."

"அவர் சிரிச்சவரோ?" என்று மாமி கேட்டார்.

"ஆமாங்க."

மாமா சிரித்து எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கண்டதில்லை. மாமி கிணற்றுக் கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் போனபிறகும் ஏன் இருமினனீ?"

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. மறுபடி அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தான். "ஐயா போனது எங்களுக்கு யாரும் சொல்லல்லீங்களே அம்மா" என்றான்.

மாமி மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். சாவு சொல்லும்போது இவர்களை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். அப்பா தன் காலைப் பார்த்தார். கராஜ் ஒரு வீடா பிள்ளை என்று பென்சன்காரர் முணுமுணுத்தார். மாமி, சாவு சொல்கிறவர்கள் படலையில் எப்படி நிற்பார்களோ அப்படி, கையை முன்னால் கோர்த்துக்கொண்டு, கட்டிப்போட்ட அந்தப் பெடியனுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, என்ரை அவர் வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மோசம் போனார். உமக்கு அறிவிக்காமல் விட்டது எங்கடை பிழை."

அவனுக்குக் கும்பிடக் கை இல்லை. தலையைக் குனிந்தான், கண்ணீர் மூக்கு நுனியால் சொட்டியது. அழுதுகொண்டே ஏதோ கணக்குப் பார்த்தவன்போல நிமிர்ந்தான். "ஞாயித்துக்கிழமையாம்மா? அன்னிக்கு நான் இங்க வரலீங்க. கிளாக்கர் ஐயாவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு, நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தோம். அன்னிக்கு இங்க யாருமே இருமலீங்க."

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. அந்த நீட்டு இருமல் எனக்கு மட்டும் கேட்டதல்ல என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப்பற்றி அன்று பேசவில்லை, அம்மா சாகும்வரை பேசவில்லை. மாமாவின் கடைசி மூச்சு யாழ்ப்பாணத்தில் எப்படிப் போனது என்று மாமியிடம் கேட்கும் தைரியமும் எனக்கு வந்ததில்லை. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸ்காரருக்கு நேரமாகியது. இவன் கள்வனா என்று மாமியிடம் சிங்களத்தில் கேட்டார். "ஹொரெக்த நோனா?"

மாமிக்குச் சந்தைக்குப் போகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அந்த அளவு போதுமாக இருந்தது. "நெஹெ, ராலகாமி. அபே கெதர எக்கெனெக்." இல்லை, எங்கள் வீட்டு ஆள்.

பென்சன்காரர் போட்ட முடிச்சுகளைப் பொலிஸ்காரர்தான் அவிழ்த்தார். மாமி அவிழ்ந்த கயிற்றை வாங்கி வாளியில் கட்டி, தானே தண்ணீர் இறைத்து, கேத்தலை அடுப்பில் வைத்தார். மாமாவின் பித்தளைக் குவளையில் அவனுக்குத் தேநீர் கொடுத்தார். எங்கள் ஆட்களின் வீட்டில் அவனைப்போன்றவனுக்கு என்ன பாத்திரத்தில் கொடுப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தம்பியார் எழுந்து வெளியே போனார். மாமி அவர் போவதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

கிளாக்கர் பிழைத்து வந்தார், எண்ணெய் தேய்க்கத் தலையில் மயிர்தான் இல்லை. அவருடைய பெடியன்கள் எல்லோரும் திருந்தினார்கள் என்று நான் பொய் எழுதமாட்டேன். ஒருவன் மறுபடி களவெடுத்து மறியலுக்குப் போனான், ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து காணாமல்போனான். இவன் மட்டும் பிணைக் காலத்தைக் கழித்து, துறைமுகத்தில் பாரந்தூக்கியில் வேலைக்குச் சேர்ந்தான். மாமி மகளோடு திரும்பி வந்தபின்னும் விறகு கொத்த, ஓடு மாற்ற என்று வருவான். எங்கள் ஒழுங்கையில் அவனுக்கு இருமல் என்றே பெயர் விழுந்துவிட்டது, கூப்பிட்டால் அவனும் சிரித்துக்கொண்டு திரும்புவான். அப்பா அவனோடு கதைக்கமாட்டார். கோபமில்லை, வெட்கம். வெட்கப்படுகிற மனுசர் கோபக்காரரைப்போலத்தான் இருப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தைய மாரிகாலத்தில் ஒருநாள் காலை, சரியான மழை. அவன் வந்தான். குடை இல்லை, செருப்பு இல்லை. விறகு கொத்த வருபவன் பின்னால்தான் வருவான், அன்று முன்படலையில் நின்றான். அவனுடைய தாய் விடியப்புறம் செத்துவிட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்து வந்திருந்தான். மாமி வீட்டிலிருந்து தொடங்கி, ஒழுங்கையில் ஒரு படலையையும் விடாமல் நின்று, கையை முன்னால் கோர்த்துச் சொல்லிக்கொண்டு போனான். யாரும் வருவார்கள் என்று எதிர்பார்த்தவன்போலத் தெரியவில்லை. சொல்லவேண்டியது தன் கடமை என்று சொன்னான்.

நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் மழையைப் பார்ப்பதுபோல நின்று, அவன் கடைசி வீட்டுக்குப் போவதைப் பார்த்தோம். அது பென்சன்காரர் வீடு. அவர் விறாந்தைக் கதிரையில் பேப்பரோடு இருந்தார். அவன் படலைக்கு வெளியே நின்று சொன்னான். பென்சன்காரர் பேப்பரைக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எழுந்து, வயதுபோன கால்களோடு மழைக்குள் இறங்கிப் படலைவரை வந்தார்.

"எத்தினை மணிக்கு எடுக்கிறியள், தம்பி?" என்று கேட்டார்.

அப்பா வேட்டி மாற்ற உள்ளே போனார்.